புது நெல் வரப்பு தாண்டுவது எப்படி?

[காட்சி: செவ்வாப்பேட்டை ரோடு ரயில் நிலையம், தண்டவாளத்தை ஒட்டி வயல்]

சென்னையிலிருந்து திருவள்ளூர் போகிற மின்சார ரயிலில் ஆவடி, திருநின்றவூர் தாண்டினால் செவ்வாப்பேட்டை ரோடு வரும். இறங்கினால் திரூர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நெல் ஆராய்ச்சி நிலையம் இங்கேதான் இருக்கிறது. விதைப் பையில் டி.கே.எம். 9, டி.கே.எம். 13 என்று பார்த்திருப்பீர்களே, எல்லாம் இந்த ஊர்ச் சரக்கு. இன்னும் பழையது டி.கே.எம். 6. அது பிலிப்பைன்ஸ் போய் ஐ.ஆர். 20 ரகத்துக்குப் பெற்றோரில் ஒன்றானது. அந்த ஐ.ஆர். 20 திரும்பி வந்து நம் வயல்களில் ஒரு தலைமுறைக்குக் கொடி கட்டிப் பறந்தது.

கடலையே தாண்டிவிட்ட நெல், சில சமயம் பக்கத்து வரப்பைத் தாண்ட வருஷக்கணக்கில் தவிக்கிறது. ஏன்?

"விவசாயிக்கு விஷயம் தெரியவில்லை, யாராவது போய்ச் சொன்னால் போதும்" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வீரிய ஒட்டு மக்காச்சோளம் எப்படிப் பரவியது என்று ரயன், கிராஸ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 259 விவசாயிகளிடம் விசாரித்து, 1943-ல் எழுதினார்கள். புது விதை பற்றிப் பெரும்பாலானவர்கள் முதலில் கேள்விப்பட்டது விற்பனையாளர்களிடம். ஆனால் வாங்கிப் போடலாம் என்று மனதைத் திருப்பியது பக்கத்து நிலத்துக்காரர்கள். முன்னோடிகளும்கூட முதல் வருஷம் ஒரு துண்டு நிலத்தில்தான் போட்டுப் பார்த்தார்கள்.

[காட்சி: பழைய வால்வு ரேடியோ, திண்ணை]

சரி, வெறுமனே சொன்னால் எதுவுமே பரவாதா? பரவும். அறுபதுகளில் தஞ்சாவூர்ப் பக்கம் ஆடுதுறை 27 நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வந்துவிட்டது. திருச்சி வானொலி அதைப் பற்றி அவ்வளவு பேசியது. ஆனால் ரேடியோ தனியாக அதைச் சாதிக்கவில்லை. தஞ்சாவூர் அப்போது தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்தில் இருந்தது. விதை, உரம், கடன் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். இன்னொன்று, அது குறுகிய கால ரகம், குறுவைக்குக் கச்சிதம். மாற்ற வேண்டியிருந்தது முக்கியமாக விதையைத்தான். நாற்று விடுவது, நடுவது, தண்ணீர் கட்டுவது எல்லாம் பழகிய வழிதான்.

இப்போது ஒற்றை நாற்று நடவை எடுத்துக்கொள்வோம். மடகாஸ்கரில் ஆன்றி தெ லௌலானியே என்ற பாதிரியார் எண்பதுகளில் விவசாயிகளோடு சேர்ந்து உருவாக்கிய முறை. நம் வேளாண்மைத் துறை இதைச் செம்மை நெல் சாகுபடி என்கிறது. ஏக்கருக்கு 3 கிலோ விதை போதும். 14 நாள் நாற்று, குத்துக்கு ஒன்று, 22.5 சென்டிமீட்டர் இடைவெளி. தண்ணீரும் மிச்சம். காகிதத்தில் பார்த்தால் வேண்டாம் என்று சொல்ல ஆளே இருக்கக்கூடாது.

[காட்சி: நடவு, கைகள் மட்டும்]

வயலில் இறங்கிப் பாருங்கள். நடவுக்கு வருகிற பெண்கள் ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசித்தான் வருகிறார்கள். மூன்று நான்கு நாற்றைச் சேர்த்துக் கிள்ளி, கை போன வேகத்தில் ஊன்றிக்கொண்டே பின்னால் நகர வேண்டும். அந்த வேகம்தான் அவர்கள் கூலி. அவர்களிடம் பிஞ்சு நாற்றைக் கொடுத்து, வேர் மண் உதிராமல் ஒவ்வொன்றாக எடுத்து, மார்க்கர் கருவியால் வயலில் போட்ட கோடுகள் சந்திக்கிற இடத்தில் வையுங்கள் என்றால்? "இதுக்கு நாள் கூலியா பேசிக்கலாம்ணா" என்பார்கள். நியாயம்தானே. அப்புறம் களை எடுக்க, கோனோவீடர் என்ற கைக்கருவியை வரிசைகளுக்கு நடுவே உருட்ட ஆள் வேண்டும். தண்ணீரைக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட வேண்டும். ஏரிப் பாசனத்தில் மேல் வயல்காரர் மடையைத் திறந்தால், கீழ் வயல்காரர் காயவிடுவது எங்கே?

ஆக, இங்கே பரவ வேண்டியது ஒருவர் தலையில் இருக்கிற தகவல் இல்லை. நடவுக் குழு, மேல் வயல்காரர், நிலத்துக்காரர், மூன்று தரப்பும் சேர்ந்து பழக வேண்டிய வேலை. அதனால்தான் பயிற்சிக்கு நிலத்துக்காரரை மட்டும் கூப்பிடுவது அரைக் கிணறு தாண்டுகிற மாதிரி என்று நினைக்கிறேன். நாலு ஊர் வயலில் இறங்குகிற நடவுக் குழுவுக்குக் கற்றுக்கொடுத்தால் அது நாலு ஊருக்கும் போகும்.

உரக்கடையையும் மறந்துவிடக்கூடாது. கடனுக்கு மருந்து கொடுப்பவர் சொல்வதுதான் பல ஊர்களில் கடைசி வார்த்தை. இது தெரிந்துதான் ஹைதராபாத்தில் இருக்கிற மேனேஜ் என்ற மத்திய அரசின் வேளாண் விரிவாக்க நிறுவனம் 2003-லிருந்து கடைக்காரர்களுக்கே ஒரு வருட டிப்ளமோ நடத்துகிறது.

போனில் விவசாயிகளுக்கான கிசான் அழைப்பு மையம் 1800-180-1551 இருக்கிறது, தமிழில் பேசலாம். 2018-ல் வந்த தமிழக அரசின் உழவன் செயலி இருக்கிறது. வாட்ஸ்அப் குழுக்களும் ஏராளம். ஆனால் மஞ்சளான ஒரு நெல் இலையின் படத்தைப் போட்டால் பத்து பேர் பத்து மருந்து சொல்வார்கள். தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம், துத்தநாகக் குறைவாக இருக்கலாம், பச்சைத் தத்துப்பூச்சி கொண்டுவந்த துங்ரோ என்ற வைரஸ் நோயாகவும் இருக்கலாம். மஞ்சள் முதலில் அடி இலையிலா நுனி இலையிலா, திட்டுத் திட்டாகவா வயல் முழுக்கவா என்று கேட்காமல் மருந்து சொல்பவரை நம்பாதீர்கள்.

சரி, முயன்று பார்த்து நஷ்டமானால்? அதைப் பற்றி யோசித்தவர், பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடிச் சேகரித்த நெல் ஜெயராமன். 2018-ல் மறைந்தார். திருத்துறைப்பூண்டி பக்கம் அவர் நடத்திய நெல் திருவிழாவில் பாரம்பரிய விதை 2 கிலோ தருவார். அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்ப வேண்டும். விதைக்குக் காசு போடத் தேவையில்லை. திரும்பி வந்த விதை இன்னொருவருக்குப் போகும்.

இரண்டரை ஏக்கருக்குள் வைத்திருக்கிறவர் தயங்குவது அறியாமையால் அல்ல, கணக்குப் போட்டுத்தான். ஒரு போகம் போனால் வீட்டு அரிசியும் போச்சு, கடன் தவணையும் போச்சு.

[காட்சி: சென்னையில் ஒரு அடுக்குமாடி, போன் திரை]

இதைப் பார்க்கிறவர்களில் சிலர் சென்னையில் வேலை பார்த்துக்கொண்டு, ஊத்துக்கோட்டை, மதுராந்தகம் பக்கம் நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருப்பீர்கள். பட்டா உங்கள் பெயரில் இருப்பதால் பயிற்சி, மானியச் செய்தி உங்களுக்கு வரலாம். அதைக் குத்தகைக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். அவர் ஒரு கால் ஏக்கரில் புது ரகமோ புது முறையோ முயன்று பார்க்க நினைத்தால், அந்தக் கால் ஏக்கருக்கு மட்டும் இந்தப் போகம் குத்தகை வேண்டாம் என்று நடவுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.