ஆடிக் கறக்கிற மாடு
(வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியது)

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை அம்மா அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவே நம் அழைப்பை மதித்து வந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, செயலாளர் அவர்களே, நம் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் புத்தகம் எடுத்துக் கொடுக்கும் நூலகர் அவர்களே, காலையிலிருந்து நாற்காலி தூக்கிப் போட்ட தம்பிகளே, பின்வரிசையில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் தோழிகளே, அனைவருக்கும் மாலை வணக்கம்.

பொன்னாடைக்குப் பதில் புத்தகம் கொடுத்தீர்கள். நெஞ்சார்ந்த நன்றி. அது எங்கள் வீட்டில் இன்று ராத்திரியே பிரிக்கப்பட்டுவிடும்.

தலைவர் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. என் பெரியவளை மூன்றாம் வகுப்போடு நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைக்கப்போகிறோம் என்றதும் எங்கள் தெருவே திரண்டு வந்து புத்தி சொன்னது. அம்மாவும் ஒருநாள் வந்தார். நாற்காலி போட்டும் உட்காராமல் தரையில் உட்கார்ந்தார். குழந்தையை இரண்டு பக்கம் வாசிக்கச் சொன்னார், ஏழாம் வாய்ப்பாடு கேட்டார். எழுந்து போகும்போது என்னிடம் ஒரே ஒரு கேள்விதான்: "குழந்தை நல்லா இருக்கு. நீ சரியா தூங்குறியாம்மா?" அதுவரை அதை என்னிடம் யாரும் கேட்டதில்லை.

இன்று எனக்குக் கொடுத்த தலைப்பு 'வீட்டுக் கல்வியும் வீட்டு வேலையும்'. மூன்று விஷயம் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். ஒன்று நேரம். இரண்டு, வேலையைப் பங்கு போடுவது. மூன்று, சொல்லிக் கொடுப்பவரின் உடம்பும் மனசும்.

அதற்கு முன்னால், 'பிள்ளையை வீட்டிலேயே படிக்க வைக்கச் சட்டம் இடம் கொடுக்குமா, பரீட்சை எப்படி எழுதுவது?' என்று எல்லோரும் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். 2009-இல் வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. 6 வயது முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி தரவேண்டியது அரசின் கடமை என்கிறது. வீட்டில் சொல்லிக் கொடுப்பதைத் தடுக்கும் விதி அதில் இல்லை. பள்ளிக்குப் போகாமலே பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. 14 வயது நிறைந்தால் போதும். ஆண்டுக்கு இரண்டு முறை தேர்வு நடக்கிறது, பதிவு ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். கணக்கில் தவறினால் கணக்கை மட்டும் திரும்ப எழுதலாம். தமிழ்நாட்டுப் பாடநூலுக்கு நுங்கம்பாக்கத்தில் டி.பி.ஐ. என்று நாம் சொல்லும் கல்வித் துறை வளாகம் இருக்கிறது, போக முடியாதவர்கள் இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இது போதும் என்று நினைக்கிறேன்.

நேரத்துக்கு வருகிறேன். முதல் மாதம் நான் செய்த பெரிய தப்பு, பள்ளிக்கூடத்து டைம் டேபிளை அப்படியே எழுதி ஃபிரிட்ஜ் மேல் ஒட்டியது. ஒன்பது மணி தமிழ், ஒன்பது நாற்பது கணக்கு. ஒன்பது நாற்பதுக்குத்தான் சிலிண்டர் வரும். பத்து மணிக்கு அடுப்பில் குழம்பு கொதிக்கும். என் வீட்டுக்காரர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார், அவருக்கு ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் மதியம். சாயங்காலம் பார்த்தால் பாதிப் பாடம் நடந்திருக்கும், முழுச் சண்டை நடந்திருக்கும்.

என் மாமியார் செய்யாறு பக்கம் மாடு கன்றோடு வளர்ந்தவர். ஒருநாள் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும். நீ எல்லா மாட்டையும் மணி அடிச்சுக் கறக்கப் பாக்குற." அன்றைக்கே தாளைக் கிழித்தேன். ஒரு பிள்ளைக்கு ஒரு ஆள் என்று உட்கார்ந்தால் இரண்டு மணி நேரப் படிப்பு ஒரு நாளைக்குத் தாராளம். அது காலையிலும் வரலாம், சாப்பாடு முடிந்தும் வரலாம். பெரியவள் நடந்துகொண்டே மனப்பாடம் செய்வாள். சின்னவனுக்குக் கையில் ஏதாவது இருந்தால்தான் காது திறக்கும்.

இதற்கு ஒரு நிகழ்ச்சி சொல்கிறேன். 2019 கோடையை நீங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். சென்னைக்குத் தண்ணீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் காய்ந்து கிடந்தன. அடி பம்பில் காற்றுதான் வந்தது. தண்ணி லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. கணக்குப் புத்தகத்தை விரிப்பேன், கீழிருந்து "லாரீ..." என்று குரல் வரும். புத்தகத்தை அப்படியே போட்டுவிட்டுக் குடத்தோடு ஓடுவேன். நான்கு நாள் இப்படி. ஐந்தாம் நாள் என் மகள் நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு என் பின்னாலேயே இறங்கி வந்துவிட்டாள். காலிக் குடத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள். அவளுக்கு அப்போது ஒன்பது வயது.

அன்றைக்கு வரிசையில் பெரிய தகராறு. ஒரு அக்கா பன்னிரண்டு குடம் வைத்திருந்தார், கடைசி வரிசைக்காரர்கள் கத்துகிறார்கள். என் மகள் லாரிக்காரரிடம் போய், "அண்ணா, இதுல எவ்ளோ லிட்டர்?" என்றாள். "ஒன்பதாயிரம் பாப்பா." குடம் பதினைந்து லிட்டர். நோட்டில் போட்டாள், அறுநூறு குடம். எங்கள் தெருவில் அந்த லாரியை நம்பி எழுபத்தைந்து வீடு. எழுந்து நின்று, "வீட்டுக்கு எட்டுக் குடம் வருது!" என்று கத்தினாள். தெரு ஒரு நிமிஷம் அடங்கிப்போனது. அந்த அக்கா எதுவும் பேசாமல் நான்கு குடத்தை எடுத்து ஓரமாக வைத்தார். மறுநாளிலிருந்து லாரி வந்தால், "கணக்குப் பாப்பாவைக் கூப்பிடு" என்பார்கள்.

அதோடு முடியவில்லை. ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு முதல் தண்ணீர் ரயில் வந்தது. ஐம்பது வேகன், சுமார் 25 லட்சம் லிட்டர். எதிர் வீட்டுத் தாத்தா திண்ணையில் அதைச் சொல்ல, பெண்கள் எல்லோரும் இவளைப் பார்த்து, "எத்தனை குடம்டி வரும்?" என்றார்கள். இவ்வளவு பெரிய வகுத்தல் அவளுக்கு நான் சொல்லிக் கொடுக்கவே இல்லை. தெரு விளக்கு வெளிச்சத்தில், நாக்கைக் கடித்துக்கொண்டு, படிப்படியாக இறங்கி வந்தாள். ஒரு லட்சத்து அறுபத்தாறாயிரத்து அறுநூற்று அறுபத்தாறு குடம், மீதி பத்து லிட்டர். எல்லோரும் வாயைப் பிளந்து நிற்கிறார்கள். இவள் நிமிர்ந்து கேட்கிறாள்: "மீதி பத்து லிட்டரை யாருக்கும்மா குடுப்பாங்க?"

பன்னிரண்டு குடத்து அக்காதான் பதில் சொன்னார். "உனக்குத்தான் கண்ணு. கணக்குப் போட்டவளுக்குக் கூலி வேணாமா?" சொன்னதோடு நிற்காமல், உள்ளே போய் ஒரு சின்ன வாளியில் தண்ணீர் கொண்டுவந்து எங்கள் அண்டாவில் ஊற்றிவிட்டுப் போனார். ஒரு சொட்டுக்கு மனிதர்கள் அடித்துக்கொண்ட நேரம் அது. நானூறு பக்கக் கணக்குப் புத்தகம் செய்யாததை அந்த லாரி வரிசை செய்தது. ஆடிக் கறக்கிற மாட்டை ஆடித்தான் கறக்க வேண்டும்.

இரண்டாவது, பங்கு போடுவது. வீட்டு வேலையைப் படிப்புக்கு எதிரி என்று நினைத்தவரைக்கும் இரண்டும் என்னை இழுத்துக் கிழித்தன. இன்று நாலு பங்கு அரிசி, ஒரு பங்கு உளுந்து என்று மாவுக்கு அளப்பது சின்னவன். மாவு ராத்திரியில் ஏன் பொங்குகிறது என்பது அவனுக்கு அறிவியல். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மீட்டரைப் பார்த்து, இலவச நூறு யூனிட்டைக் கழித்து, பில் எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே சொல்வது பெரியவள். பின்னத்துக்கு வாத்தியார் என் மாமியார். "அரைக்கால் படின்னா என்ன?" என்பார். ஆழாக்கு என்கிற சின்ன அளவையை எடுத்து எட்டு முறை கொட்டிப் படியை நிரப்பினால் எட்டில் ஒன்று என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். என் வீட்டுக்காரர் காலை ஷிப்ட் வாரத்தில் சாயங்காலப் பாத்திரம் அத்தனையும் தேய்ப்பார். இதை மேடையில் சொல்லக் காரணம் உண்டு. ஆண்கள் கை வைக்காத வீட்டில் வீட்டுக் கல்வி ஆறு மாதம் தாங்காது. இங்கே இருக்கும் அண்ணன்மார், தம்பிமார் இதை மனசில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஆனால் எல்லாம் பங்கு போட்ட பிறகும் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை ஒரு முட்டுச்சந்து இருக்கிறது. சமையல், துணி, மாமியாருக்கு மருந்து, எல்லாம் அந்த இரண்டு மணி நேரத்தில்தான். பிள்ளைகளும் அப்போதுதான் தெளிவாக இருப்பார்கள். வீட்டுக்குள் இதற்கு வழி இல்லை, தெருவுக்குத்தான் வரவேண்டும். நான் இங்கே வந்ததே அதைச் சொல்லத்தான்.

அந்த வழி நூலகம். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார். 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். நான்காவது விதி: வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து. அதைப் படித்த அன்று, இந்த மனிதர் என் அடுப்படியைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினாரோ என்று தோன்றியது. அதே 1931-இல் மன்னார்குடியில் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். வாசகர் வர முடியாவிட்டால் நூலகம் போகட்டும் என்ற எண்ணம் இந்த மண்ணில் பிறந்தது. 1948-இல் பொது நூலகச் சட்டம் போட்டதும் நம் சென்னை மாகாணம்தான், சுதந்திர இந்தியாவில் அதுதான் முதல். இன்றைக்கும் நாம் கட்டும் சொத்து வரியோடு நூலக வரி சேர்ந்தே வருகிறது. வாடகை வீட்டில் இருப்பவரும் வாடகைக்குள் அதைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போயிருக்கிறேன். வெளியே வர மாட்டேன் என்று அழுவார்கள். ஆனால் இங்கிருந்து இரண்டு பஸ். அடுப்பை அணைத்துவிட்டுத் தினம் போக முடியுமா? தெருக்கோடியில் நம் கிளை நூலகம் இருக்கிறது. பின்னால் பழைய செய்தித்தாள் கட்டுகள் அடுக்கிய அறை ஒன்று இருக்கிறது. ஜன்னல் இரண்டு, வேப்பமரத்து நிழல். அந்த அறையை வாரநாட்களில் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை பிள்ளைகளுக்கு ஒதுக்கிக் கொடுங்கள். பாய் நாங்கள் கொண்டுவருகிறோம், அறையை நாங்களே கூட்டுகிறோம். ஐந்து குடும்பம் இப்போதே தயார். ஒரு நாள் ஒரு பெற்றோர் உட்கார்ந்தால் மற்ற நான்கு நாள் அவருக்குக் காலைப்பொழுது கிடைக்கும். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் விடுமுறையில் வரட்டும். 2021-இல் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியபோது தன்னார்வலர்கள் திண்ணையிலும் மாடியிலும் உட்கார்ந்து மாலையில் சொல்லிக் கொடுத்தார்களே, அந்த மனிதர்கள் இன்னும் இதே தெருக்களில்தான் இருக்கிறார்கள்.

தலைவர் அம்மா மணியைப் பார்க்கிறார். மூன்றாவது விஷயத்துக்கு இன்று நேரமில்லை, அம்மா என்னை மன்னிக்க வேண்டும். மனு வாசலில் மேசைமேல் இருக்கிறது. என் மாமியார் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறார். இதுவரை 43 கையெழுத்து. மாமன்ற உறுப்பினர் அவர்கள் காரில் ஏறுவதற்குள் அதை அவர் கையில் கொடுத்தாக வேண்டும். ஆகவே தேநீருக்கு முன்னால் எல்லோரும் ஒருமுறை அந்த மேசைப் பக்கம் வாருங்கள். வணக்கம்.