கோரி இறங்கிய நாள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

பிலிப்பைன்ஸின் முதல் பெண் அதிபர் 'கோரி' என்று செல்லமாக அழைக்கப்பட்ட கொரசோன் அக்கினோவின் அரசியல் வாழ்வில் விஞ்சி நிற்பது ஆட்சிக்கு வந்த 1986-ஆ, ஆட்சியை விட்டு இறங்கிய 1992-ஆ? இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் 1986-க்காக உருக்கமாகப் பேசினார். கணவர் நினோய் 1983 ஆகஸ்ட் 21-ல் மணிலா விமான நிலையத்தில் சுட்டுக் கொல்லப்பட்டதைச் சொன்னார். இந்த அம்மாவுக்கு அனுபவம் ஏது என்று அப்போதைய அதிபர் மார்கோஸ் கேலி செய்ததையும், ஏமாற்றுவதிலும் திருடுவதிலும் தனக்கு அனுபவம் இல்லைதான் என்று கோரி திருப்பிக் கொடுத்ததையும் சொல்லிக் கைதட்டல் வாங்கினார். நானும்தான் தட்டினேன். நல்ல பதில் யார் சொன்னாலும் தட்ட வேண்டியதுதானே!

ஆனால் அந்த 1986 பிப்ரவரியைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். தேர்தல் நடந்தது 7-ம் தேதி. எண்ணிக்கையில் தில்லுமுல்லு நடக்கிறது என்று கணினி முன்னால் இருந்த முப்பதுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் எழுந்து வெளியே வந்தார்கள். 22-ம் தேதி மார்கோஸின் சொந்தப் பாதுகாப்பு அமைச்சர் என்ரிலேயும், தளபதி ராமோஸும் அவரை விட்டு விலகி எதிர்ப்பக்கம் சேர்ந்தார்கள். மணிலாவின் கத்தோலிக்கப் பேராயர் கர்தினால் சின், ரேடியோ வெரிட்டாஸ் வானொலியில் மக்களை அழைத்ததும், மணிலாவின் எட்சா சாலையில் லட்சக்கணக்கில் ஜனம் கூடியது. டாங்கிக்கு முன்னால் ஜெபமாலையோடு மண்டியிட்ட கன்னியாஸ்திரீகளை உலகமே பார்த்தது. அந்த 22-ம் தேதி கோரி எங்கே? செபு தீவில்! கூட்டம் பேசப் போனவர் அன்றிரவு அங்கே கார்மெல் சபை மடத்தில் தங்கினார். இது குறையில்லை. வேட்பாளராகத் துணிந்து நின்றதே பெரிய காரியம். 1986 பலர் சேர்ந்து ஜெயித்தது, அதில் கோரிக்கு ஒரு பங்கு உண்டு என்று மட்டும்தான் சொல்கிறேன். 1992-ல் இன்னொருவருக்குப் பங்கு இருக்கிறதா? எதிரணி தேடிப் பார்க்கட்டும்.

அந்த நாட்டின் நோய் என்ன நடுவர் அவர்களே? வந்தவர் போகாததுதான். மார்கோஸ் 1965-ல் முறையாகத் தேர்தலில் ஜெயித்து வந்தவர். 1969-ல் மறுபடி ஜெயித்தார். மூன்றாவது தடவைக்குச் சாசனத்தில் இடமில்லை. என்ன செய்தார்? 1972-ல் ராணுவச் சட்டம் கொண்டுவந்தார், 1973-ல் சாசனத்தையே மாற்றினார், 1986 வரை அசையவில்லை. நாற்காலிக்குப் பசை தடவுவார்கள் என்று கேட்டிருக்கிறோம். இவர் நாற்காலிக்கு வேரே விட்டவர்.

அந்த இடத்துக்குக் கோரி வருகிறார். 1986 மார்ச்சில் பழைய சட்டமன்றத்தைக் கலைத்துத் தற்காலிகச் சாசனம் ஒன்றை அறிவித்தார். நிர்வாகமும் அவர் கையில், சட்டம் போடும் அதிகாரமும் அவர் கையில். சர்வாதிகாரி ஆவதற்கு இதைவிட வசதி வேறு வேண்டுமா? ஜனமும் பக்கத்தில் நின்றது. அவரோ புதிய சாசனம் எழுத ஒரு குழுவை அமைத்தார். அதற்குத் தலைவர் முன்னாள் நீதிபதி சிசிலியா முனியோஸ் பால்மா. 1987 பிப்ரவரியில் மக்கள் வாக்களித்து அதை ஏற்றார்கள். அதிபருக்கு ஒரே தவணை, ஆறே ஆண்டு. ராணுவச் சட்டம் போட்டால் 60 நாள்தான், அதையும் அந்த நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் ரத்து செய்யலாம், உச்ச நீதிமன்றம் விசாரிக்கலாம். ஜூலையில் காங்கிரஸ் கூடியதும், சட்டம் போடும் அதிகாரத்தை அதனிடம் விட்டுவிட்டார். 1992-ல் இறங்கியவர் அதற்கான படிக்கட்டை 1987-லேயே கட்டிவிட்டார்.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசியவர் கிண்டலாக ஒன்று கேட்டார்: ஆட்சி சரியில்லை, மின்வெட்டு, ராணுவக் கலகம், அதனால் போனார், இதில் என்ன தியாகம் என்று. நான் எதையும் மறைக்கவில்லை. 1987 ஜனவரியில் நிலம் கேட்டு ஊர்வலம் வந்த விவசாயிகள் மணிலாவின் மெண்டியோலா தெருவில் சுடப்பட்டார்கள், பத்துப் பேருக்கு மேல் செத்தார்கள். அவர் குடும்பத்தின் லுயிசித்தா பண்ணை 6,000 ஹெக்டேருக்கு மேல். அவர் காலத்து நிலச் சீர்திருத்தச் சட்டத்தில் இருந்த சந்து வழியாக, அங்கே உழைத்தவர்களுக்கு நிலத்துக்குப் பதில் பங்குப் பத்திரம் கொடுத்தார்கள். அந்த ஏற்பாடு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் முடித்துவைக்க இருபது ஆண்டுக்கு மேல் ஆனது. எனக்கு இதில் அவர்மேல் கோபமே உண்டு.

ஆனால் நண்பரே, இந்தக் கணக்கு யாருக்கு எதிராகப் போகிறது? உங்களுக்குத்தான்! எட்சாவில் நின்றவர்கள் நியாயமும் நிலமும் கேட்டார்கள், கிடைத்தது கொஞ்சம்தான். 1986-ஐத் தூக்கிப் பிடித்தால் அதன் நிறைவேறாத கணக்கும் உங்கள் தோளில்தான் ஏறும். அப்புறம், தோற்ற ஆட்சியாளர் தானாகப் போய்விடுவார் என்று யார் சொன்னது? ஆறேழு கலகங்களில் உயிருக்கே குறி வைத்தார்கள். 1987 ஆகஸ்டில் ஒரே மகன் குண்டடி பட்டார். நாட்டுக்கு ஆபத்து, நான்தான் இருந்தாக வேண்டும் என்று சொல்ல இதைவிடக் காரணம் வேண்டுமா? மார்கோஸ் இதைவிடக் குறைந்த காரணத்துக்கே ராணுவச் சட்டம் போட்டார்!

போதாததற்கு, பழைய சாசனத்தின் கீழ் வந்தவருக்குப் புதிய சாசனத்தின் ஒரு தவணைத் தடை பொருந்தாது, மறுபடி நில்லுங்கள் என்று சொல்ல ஆட்களும் இருந்தார்கள். அவர் நிற்கவில்லை. ராமோஸை ஆதரித்தார். ராமோஸ் நாலில் ஒரு பங்குக்கும் குறைவான வாக்கில் ஜெயித்தார். அவ்வளவு சிதறிய தேர்தலில் கோரி நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். 1992 ஜூன் 30-ல் பதவியை ஒப்படைத்துவிட்டு, அரசாங்க மெர்சிடிஸில் ஏறாமல், தன் சொந்தக் காசில் வாங்கிய வெள்ளை டொயோட்டாவில் ஏறிப் போனார். 1965-க்குப் பிறகு அந்த நாட்டில் ஒரு அதிபர் இன்னொருவரிடம் முறைப்படி ஆட்சியை ஒப்படைத்தது அன்றைக்குத்தான்.

அடுத்து பேசப்போகும் எதிரணித் தோழருக்கு ஒரு கேள்வி. 1997-ல் ராமோஸுக்கு இன்னொரு தவணை கிடைக்கச் சாசனத்தைத் திருத்தலாம் என்று அவர் ஆதரவாளர்கள் கிளம்பினார்கள். செப்டம்பர் 21, மார்கோஸின் ராணுவச் சட்டப் பிரகடனம் தேதியிட்ட அதே நாளில், லூனெட்டா பூங்காவில் பெருங்கூட்டத்தைக் கூட்டி அதை எதிர்த்தவர் கோரி. எதிர்த்தது யாரை? தானே ஆதரித்து அதிபராக்கிய ஆளை! சாசனமும் திருத்தப்படவில்லை, ராமோஸும் 1998-ல் இறங்கினார். 1992-ல் கோரி மறுபடி நின்றிருந்தால், அந்த மேடையில் ஏறி "போதும், இறங்குங்கள்" என்று சொல்ல அவருக்கு வாய் வந்திருக்குமா? வந்திருக்கும் என்று நிரூபியுங்கள், நான் உங்கள் அணிக்கே வந்து உட்கார்ந்துகொள்கிறேன். நன்றி, வணக்கம்.