தலைப்பை மறைத்துவிட்டால் ஓவியம் காதில் விழுமா?

வணக்கம். ஓவியங்களைப் பார்த்து எழுதப்பட்ட இசை பற்றிப் பேசிய காணொளிக்குப் பிறகு ஒரு நேயர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "தலைப்பைச் சொல்லாமல் அந்த இசையை ஒலிக்கவிட்டால் எந்த ஓவியம் என்று யாராவது கண்டுபிடித்துவிட முடியுமா? முடியாது என்றால், அது அந்த ஓவியத்திலிருந்து பிறந்தது என்பதற்கு என்ன பொருள்? ஓவியத்தைப் பார்த்துவிட்டுத்தான் கேட்க வேண்டுமா?"

முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். முடியாது. எவ்வளவு கூர்மையான செவி உள்ளவரானாலும், வெறும் ஒலியை வைத்துக்கொண்டு 'இது ஒரு பாறைத்தீவு, நடுவில் கறுத்த மரங்கள், கரையை நெருங்கும் ஒரு படகு' என்று சொல்லிவிட முடியாது. நிறமும் கோடும் காதுக்கு எட்டாதவை. ஆனால் அதனாலேயே அந்த இசை ஓவியத்துக்கு அந்நியம் என்று ஆகிவிடாது. ஓவியத்தில் இருப்பதைத் திருப்பிச் சொல்வது இசையமைப்பாளரின் வேலை அன்று. ஓவியத்துக்குள் இருக்கவே முடியாத ஒன்றை அவர் கொடுக்கிறார். அது காலம். சட்டத்துக்குள் இருக்கும் படகு என்றைக்கும் அதே இடத்தில்தான் நிற்கும். இசையில் அது நகர்ந்தே ஆக வேண்டும்.

படகு என்று சொன்னது ஆர்னால்ட் பாக்லின் வரைந்த 'மரணத்தீவு' ஓவியத்தை நினைத்துத்தான். வெள்ளை உடை போர்த்திய ஓர் உருவம் நிற்க, முன்னால் ஒரு சவப்பெட்டியுடன் படகு தீவை நோக்கிப் போகும். 1880 முதல் 1886 வரை பாக்லின் அதைத் திரும்பத் திரும்ப வரைந்தார். ரஷ்ய இசையமைப்பாளர் செர்கேய் ராக்மானினோவ் 1907இல் பாரிஸில் அதன் கறுப்பு வெள்ளைப் பிரதி ஒன்றைப் பார்த்தார். 1909இல் அதே பெயரில் ஓர் இசைக்குழுப் படைப்பை எழுதினார். அது ஐந்து எண்ணிக்கையில் தொடங்குகிறது. கண்டசாபு தாளம் தெரிந்தவர்களுக்கு அந்த இரண்டும் மூன்றும் உடனே பிடிபடும். சமமாகப் பிரியாத அந்த ஐந்து, துடுப்பு நீரில் இறங்கி மேலே வரும் அசைவாகவே கேட்கிறது. வரைந்த படகில் துடுப்பு அசைவதில்லை. அந்த அசைவு ராக்மானினோவ் சேர்த்தது.

ஆனால் இந்தத் துறையில் எனக்கு எல்லாவற்றுக்கும் மேலான படைப்பு ரஷ்ய இசையமைப்பாளர் மோதெஸ்த் முசோர்க்ஸ்கியின் 'கண்காட்சியில் ஓவியங்கள்'. அவருடைய நண்பர் விக்டர் ஹார்ட்மன், கட்டடக் கலைஞர், ஓவியர், 1873இல் 39 வயதில் இறந்துபோனார். அடுத்த ஆண்டு விமர்சகர் விளாதிமிர் ஸ்டாசோவின் முயற்சியில் அவருடைய ஓவியங்களும் வரைபடங்களும் பீட்டர்ஸ்பர்க்கில் காட்சிக்கு வைக்கப்பட்டன. முசோர்க்ஸ்கி 1874 ஜூனில், சுமார் மூன்று வாரங்களில், பத்துப் பகுதிகள் கொண்ட இந்தப் பியானோ இசையை எழுதி முடித்தார்.

தொடக்கத்திலேயே ஓவியம் எதுவும் இல்லை. ஒரு மனிதன் நடக்கிறான், அவ்வளவுதான். 'உலா' என்ற பகுதி அது. முதலில் ஒற்றை வரியாக ஒரு மெட்டு, பிறகு அதற்குப் பதில் சொல்வதுபோல் கனமான பல சுரங்கள் சேர்ந்து. ஓர் ஆவர்த்தனம் ஐந்து எண்ணிக்கை, அடுத்தது ஆறு. அணிவகுப்புப் போல இடம், வலம் என்று எண்ணிக்கொண்டு போக முடியாது. ஒரு படத்தின் முன்னால் தயங்கி, அடுத்ததை நோக்கிச் சற்று வேகமாகப் போகிற நடை அது. ஓவியங்களுக்கு நடுவே திரும்பத் திரும்ப வரும் இந்த உலாப் பகுதிகளில் தன் முகம்தான் தெரிகிறது என்று முசோர்க்ஸ்கி ஸ்டாசோவுக்குக் கடிதமும் எழுதினார். ஆக, இது ஓவியங்களின் இசை மட்டும் அல்ல. பார்க்கிறவனின் இசையும்கூட.

அந்தப் பார்க்கிறவனுக்கு என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். பாரிஸ் நகரின் நிலத்தடிக் கல்லறைகளை ஹார்ட்மன் ஒரு நீர்வண்ண ஓவியமாக வரைந்திருக்கிறார். அதில் விளக்குடன் ஒரு வழிகாட்டி, அருகில் ஹார்ட்மனே நிற்கிறார், பக்கத்தில் அடுக்கடுக்காக மண்டை ஓடுகள். முசோர்க்ஸ்கி முதலில் நீண்ட, அசையாத சுரக்கூட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக வைக்கிறார். அவை ஓய்ந்ததும், மேல் ஸ்தாயியில் மெல்லிய நடுக்கத்துக்குக் கீழே, அந்த உலாவின் மெட்டு சோகமாகத் திரும்ப வருகிறது. அதுவரை ஓவியங்களுக்கு வெளியே நடந்துகொண்டிருந்தவர், இறந்த நண்பன் நிற்கும் ஓவியத்துக்குள் போய்விட்டார். எந்த ஓவியத்தாலும் செய்ய முடியாத காரியம் இது. அந்த இடத்தை நான் எத்தனை முறை கேட்டாலும் மனம் கலங்கிவிடுகிறது.

காலம் என்று சொன்னேனே, அதற்கு இதே படைப்பில் இன்னொரு சான்று இருக்கிறது. 'பிட்லோ' என்ற பகுதி, மாடுகள் இழுக்கும் பெரிய வண்டி. முசோர்க்ஸ்கி அதை முழு ஓசையுடன் தொடங்கினார். கண்ணைத் திறந்தால் வண்டி எதிரே நிற்கிறது. அவர் மறைந்த பிறகு 1886இல் சக இசையமைப்பாளர் ரிம்ஸ்கி-கோர்சகோவின் பதிப்பு வெளியானபோது, அது மெதுவாகத் தொடங்கி வளர்ந்து தேய்வதாக மாறியது. பிரெஞ்சு இசையமைப்பாளர் மாரிஸ் ராவேல் 1922இல் இசைக்குழுவுக்கு மாற்றி எழுதியபோது இந்தப் பதிப்பையே பின்பற்றினார். எனவே அங்கே வண்டி தொலைவிலிருந்து வந்து, நம்மைக் கடந்து போகிறது. அதே வண்டி, அதே மெட்டு, ஆனால் இரண்டு வேறு காலங்கள். எனக்கு முசோர்க்ஸ்கியின் முரட்டுத் தொடக்கமே பிடிக்கும்.

என் வாதத்துக்கு எதிரான ஒரு படைப்பையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்க இசையமைப்பாளர் மார்ட்டன் ஃபெல்ட்மன் 1971இல் எழுதிய 'ராத்கோ தேவாலயம்'. அமெரிக்காவின் ஹியூஸ்டனில், ஓவியர் மார்க் ராத்கோவின் 14 இருண்ட ஓவியங்கள் சூழ்ந்திருக்கும் ஒரு கூடத்தின் பெயர் அது. அங்கே காட்சியும் இல்லை, கதையும் இல்லை. ஃபெல்ட்மன் அவற்றை நகர்த்தவில்லை. ஒரு வயோலா, குழுக்குரல்கள், சில தாள வாத்தியங்கள், நீண்ட மௌனங்கள் என்று இசையையே ஏறக்குறைய நிற்கவைக்கிறார். காலத்தைக் கொடுப்பதற்குப் பதிலாக அதைக் குறைக்கிறார். அதுவும் ஓவியத்துக்கு நேர்மையான பதில்தான்.

இனி, ஓவியத்தைப் பார்த்துவிட்டுக் கேட்க வேண்டுமா என்ற கேள்வி. வேண்டியதில்லை. முதலில் கேளுங்கள், பிறகு பாருங்கள், மறுபடியும் கேளுங்கள். வண்ண மூலத்தை முதலில் பார்த்திருந்தால் 'மரணத்தீவை' எழுதியிருக்கவே மாட்டேனோ என்று ராக்மானினோவே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஹார்ட்மனின் படைப்புகளிலும் பெரும்பாலானவை தொலைந்துவிட்டன. பிட்லோ வண்டியின் ஓவியம் நம்மிடம் இல்லை. முட்டை ஓட்டுக்குள் இருக்கும் கோழிக்குஞ்சுகளுக்கான நடன உடை, கட்டப்படாமலே போன கீவ் நகர வாயில், பாரிஸ் கல்லறை ஆகியவற்றின் படங்கள் கிடைக்கின்றன. ராவேலின் வடிவத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். முதலில் பியானோவில் அந்தக் கல்லறைப் பகுதியைக் கேளுங்கள்.