ஒரு வாய்க்காலுக்கு எத்தனை கந்தோர்?

நேயர்களுக்கு வணக்கம்.

முப்பது வருடத்துக்குக் கிட்டப் பிரதேச சபைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கடைசிக் காலத்தில் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு சபையின் செயலாளராக இருந்தேன். அரச கொள்கைகளை உள்ளூரில் நடைமுறைப்படுத்துவதில் உள்ள சிக்கல்களைப் பற்றிக் கதைக்கச் சொன்னார்கள். கேட்டவுடன் எனக்கு ஞாபகம் வந்தது ஒரு வெள்ளவாய்க்கால்தான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மாரி வந்தால் முழங்காலளவு தண்ணீர் நிற்கும் ஒரு ஒழுங்கை. வடிகால்களைச் சீராக்க வேண்டும் என்று ஒரு வருடம் மேலிருந்து சுற்றுநிருபம் வந்தது. கூடவே கொஞ்சக் காசும் வந்தது. எங்கள் சபைக்குரிய துண்டை ஆழமாக வெட்டி, இரண்டு பக்கமும் கட்டி, சுத்தமாக முடித்தோம். படம் பிடித்து அனுப்பினோம். முன்னேற்ற அறிக்கையில் நூறு வீதம் என்று நானே கையெழுத்து வைத்தேன்.

அந்தக் கார்த்திகையில் ஒரு அம்மா நனைந்த சேலையோடு கந்தோருக்கு வந்தார். "தம்பி, முந்தி வெள்ளம் படலையடியில நிக்கும். நீங்கள் வாய்க்கால் வெட்டின பிறகு குசினிக்குள்ள வந்து நிக்குது" என்றார்.

போய்ப் பார்த்தோம். அம்மா சொன்னது சரி. முன்பு அங்கங்கே தேங்கி, மெல்ல மெல்ல நிலத்துக்குள் இறங்கிய தண்ணீர், இப்போது எங்கள் புது வாய்க்காலில் ஓட்டமாக ஓடிப்போய் வீதிக்குக் கீழே இருந்த மதகில் முட்டியது. மதகுக்குள் பாதிக்கு மேல் மண்ணும் போத்தலும். போக வழியில்லாத தண்ணீர் திரும்பி அம்மாவின் வளவுக்குள் ஏறியது. மதகு எங்களுடையதல்ல. அந்த வீதி வேறொரு கந்தோருக்குரியது.

இதைக் கேட்கிறவர்கள் சிரிக்கலாம். ஆனால் எங்கள் ஊரில் ஒரு மழைத்துளி கடலுக்குப் போகும் பாதையை யோசித்துப் பாருங்கள். வயல் வாய்க்கால் என்றால் கமநல அபிவிருத்தித் திணைக்களம். ஒழுங்கைக்கு வந்தால் பிரதேச சபை. அது ஏறும் வீதி மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துடையதாக இருக்கலாம். ஏ, பி தர வீதி என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபை. அதற்கப்பால் உள்ள தரவை வெளி அரச காணி என்றால் பிரதேச செயலகம். தண்ணீருக்கு இது எதுவும் தெரியாது.

அதிலும் பிரதேச சபையும் பிரதேச செயலகமும் வேறு வேறு என்பதே பலருக்குத் தெரியாது. சபை 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தில் பிறந்தது. மாகாணத்தின் பக்கம் நிற்பது, மக்கள் தெரிவு செய்வது. செயலகம் மத்திய அரசின் கை. அதன் அதிகாரங்கள் 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தவை. யாழ்ப்பாண மாவட்டத்தில் மட்டும் ஒரு மாநகர சபை, மூன்று நகர சபை, பதின்மூன்று பிரதேச சபை. அவற்றுக்குப் பக்கத்திலேயே 15 பிரதேச செயலகங்கள், 435 கிராம அலுவலர் பிரிவுகள். வயதானவர்கள் இன்னும் கிராம அலுவலரை விதானையார் என்றும் மாவட்டச் செயலகத்தைக் கச்சேரி என்றும்தான் சொல்வார்கள். அவர்களைப் பிழை சொல்ல மாட்டேன். அந்தக் காலத்தில் யாரிடம் போவதென்றாவது தெரிந்திருந்தது.

அடுத்தது காசு வரும் காலம். அரசின் நிதியாண்டு தையில் தொடங்கி மார்கழி 31இல் முடிகிறது. பணம் கைக்கு வர ஆடி, ஆவணி ஆகிவிடும். மதிப்பீடு, கேள்விப்பத்திரம் (டென்டர்), ஒப்பந்தம் எல்லாம் முடிய ஐப்பசி. எங்கள் ஊரில் ஆண்டு மழையின் பெரும்பகுதி பெய்வதும் அந்த ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில்தான். "ஐயா, தண்ணிக்குள்ள என்னெண்டு கொங்கிறீட் போடுறது?" என்று ஒப்பந்தகாரர் கேட்பார். போடாவிட்டால் காசு திரும்பிப் போய்விடும். ஆகவே போட்டோம். அடுத்த மாரியில் பெயர்ந்தது. மாசியிலிருந்து ஆவணி வரை காய்ந்து கிடக்கும் நிலத்தில் வேலை செய்ய எங்களிடம் காசு இருந்ததில்லை.

இதையெல்லாம் கேட்கத் தெரிவானவர்கள் இருக்கிறார்களே என்பீர்கள். வட மாகாண சபைக்குத் தேர்தல் நடந்தது 2013 புரட்டாதியில். 2018 ஐப்பசியில் பதவிக்காலம் முடிந்த பிறகு அந்தக் கதிரைகள் வெறுமை. உள்ளூராட்சிச் சபைகள் 2023 பங்குனியில் கலைந்தன. அடுத்த தேர்தல் 2025 மே 6ஆம் திகதிதான். இரண்டு வருடத்துக்கு மேல் தீர்மானம் எடுக்க உறுப்பினர் இல்லாமல் அதிகாரிகள் மட்டும் சபைகளை நடத்தினார்கள். அதிகாரிக்கு அது வசதி என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வட்டார உறுப்பினர் சத்தம் போடுவார், மேசையில் அடிப்பார். ஆனால் எந்த வீட்டுக் குசினிக்குள் தண்ணீர் வந்தது என்று அவருக்குத் தெரியும்.

டெங்கு ஒழிப்பையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வளவைத் துப்புரவாக வைத்திருக்காத உரிமையாளருக்கு வழக்குப் போடலாம் என்கிறது சட்டம். உரிமையாளர் கனடாவில். படலையில் பூட்டு. உள்ளே மூடாத கிணறு, சிரட்டை, பழைய தண்ணீர்த் தாங்கி. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் யாரிடம் நோட்டீசைக் கொடுப்பார்? சபைக்குக் கட்ட வேண்டிய சோலை வரி (ஆதன வரி) நிலுவைக்கும் இதே கதைதான்.

பெரிய திட்டம் ஒன்றையும் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் மழைநீர்தான் எங்கள் கிணற்று நீர். மலசலகூடக் குழியும் உரமும் அதையே போய்ச் சேர்கின்றன. குழாய்நீர் வேண்டும் என்பதில் ஒருவருக்கும் மாற்றுக் கருத்தில்லை. 2010இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனோடு யாழ்ப்பாணம், கிளிநொச்சி குடிநீர்த் திட்டம் அங்கீகாரம் பெற்றது. கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்திலிருந்து நீர் வரும் என்பது ஏற்பாடு. கிளிநொச்சி விவசாயிகள் மறுத்தார்கள்: மழை பொய்த்த வருடத்தில் எங்கள் வயலுக்கே போதாது, அப்போது யாருக்கு முதலில்? அந்தக் கேள்விக்குப் பொறியியல் வரைபடத்தில் பதில் இருக்கவில்லை. குளத்தை விட்டுவிட்டுக் கடலுக்குப் போனார்கள். வடமராட்சி கிழக்கில் தாளையடியில், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நன்னீர் எடுக்கும் நிலையம் 2024 ஆவணியில் திறக்கப்பட்டது. பதினான்கு வருடம். விவசாயிகள் திட்டத்தைக் குழப்பினார்கள் என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், அவர்கள் கேட்டது கடன் எடுக்க முதலே யாராவது அவர்களிடம் போய்க் கேட்டிருக்க வேண்டியது.

அந்த மதகின் கதையும் அதே மாதிரித்தான். வெட்ட முதல் நான் அந்த ஒழுங்கையால் ஒருமுறை நடந்து, அம்மாவிடம் தண்ணீர் எங்கே போய் நிற்கிறது என்று கேட்டிருந்தால் போதும். என் மேசையில் வரைபடம் எங்கள் எல்லையோடு முடிந்திருந்தது. நானும் அங்கேயே நின்றுவிட்டேன்.

பிறகு என்ன நடந்தது? கடிதம் எழுதினேன். பதில் வந்தது. பிரதியிட்டு இன்னும் மூன்று இடத்துக்கு எழுதினேன். ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் இரண்டு முறை கதைத்தோம். கடைசியில் எங்கள் தொழில்நுட்ப உத்தியோகத்தர், "சேர், அங்க இருக்கிற இஞ்சினியர் என்னோட படிச்சவர்" என்றார். தொலைபேசி எடுத்தார். சனிக்கிழமை காலையில் இருவரும் மோட்டார் சைக்கிளில் வந்து மதகடியில் நின்றார்கள். அடுத்த கிழமை மண் அள்ளியாயிற்று. அந்த வருடம் அம்மாவின் குசினி நனையவில்லை.

மறு வருடம் எனக்கு இடமாற்றம். தொழில்நுட்ப உத்தியோகத்தருக்கும் இடமாற்றம். புதிதாக வந்த செயலாளரிடம் கோப்பை ஒழுங்காக ஒப்படைத்தேன், கடிதப் பிரதி ஒன்றும் குறையாமல். அந்த இஞ்சினியரின் தொலைபேசி இலக்கம் மட்டும் கோப்பில் இருக்கவில்லை.

நன்றி, வணக்கம்.