கிருஷ்ணா என்றால் கறுப்பு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, குத்துவிளக்கேற்றி வைத்த அம்மையார் அவர்களே, எனக்கு முன் பேசி என் நேரத்தையும் எடுத்துக்கொண்ட பேராசிரியப் பெருமக்களே, பொன்னாடை போர்த்திய நண்பர்களே, வணக்கம்.

'கிருஷ்ணா' என்ற பெயரைப் பற்றி மூன்று செய்திகள்: பொருள், பிறப்பு, அது ஓர் ஆற்றுக்குப் பெயரான கதை.

பொருள் கறுப்பு. தேய்பிறையைக் கிருஷ்ண பட்சம் என்கிறோமே, அதே சொல். ரிக் வேதத்தின் ஆறாம் மண்டலத்தில் இருண்ட பொழுது 'கிருஷ்ண', வெளுத்த பொழுது 'அர்ஜுன'. பாரதத்துக்கு வந்தால் கண்ணன் மட்டுமா கிருஷ்ணன்? யமுனைத் தீவில் பிறந்த வியாசர் கிருஷ்ண துவைபாயனர். வேள்வி மேடையிலிருந்து எழுந்த திரௌபதிக்கு நிறத்தைப் பார்த்தே கிருஷ்ணா என்று பெயரிட்டார்கள். வெள்ளை என்று பொருள்படும் பெயர்கொண்ட அர்ஜுனனே, விராட பருவத்தில் தன் பத்துப் பெயர்களை உத்தரனுக்குச் சொல்லும்போது, கறுத்த பிள்ளையென்று அப்பா ஆசையாக வைத்தது கிருஷ்ணன் என்கிறான். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு!

வடமொழியில் இந்தப் பெயரின் கடைசி எழுத்து ஆணுக்குக் குறில், பெண்ணுக்கு நெடில். தமிழிலோ கிருஷ்ணனைக் கூப்பிட்டாலும் கிருஷ்ணாதான். அதனால் வந்தது வினை.

ஐந்தாம் வகுப்பில் நாங்கள் இரண்டு கிருஷ்ணா. ஆசிரியர் பெயரைக் கூப்பிட்டால் நானும் எழுவேன், அந்தப் பெண்ணும் எழுவாள். வகுப்பு சிரிக்கும். இருவரும் உட்காருவோம். மறுபடி கூப்பிடுவார், மறுபடி இருவரும். ஒருநாள் பொறுமையிழந்து தீர்ப்புச் சொன்னார்: நான் வெள்ளைக் கிருஷ்ணா, அவள் கறுப்புக் கிருஷ்ணா. இதோ நிற்கிறேனே, இந்த நிறத்தைத்தான் வெள்ளை என்றார்! அவள் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனாள். மறுநாள் அவள் பாட்டி வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார். கையில் எடுப்பாரோ என்று வகுப்பே மூச்சைப் பிடித்தது. எடுக்கவில்லை. "ஐயா, கிருஷ்ணா என்றாலே கறுப்புதான். என் பேத்தியைக் கறுப்புக் கறுப்பே என்று கூப்பிடுகிறீர்கள், சரி. அந்தப் பையனை வெள்ளைக் கறுப்பே என்கிறீர்களே, அது என்ன நிறம்?" என்றார். அன்று முதல் ஆசிரியர் எண் சொல்லித்தான் வருகை எடுத்தார்.

உடனே நம்மவர்கள் காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். நானும் சற்றுமுன் சொன்னேன். ஆனால் கறுத்த குஞ்சு எதற்காகப் பொன்னாக வேண்டும்? பூஜை அறையில் கறுப்பைக் கும்பிட்டுவிட்டு, 'மணமகள் தேவை' விளம்பரத்தில் சிவந்த நிறம் கேட்கிறோம்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஆறு அதன்பாட்டில் ஓடட்டும். திருமண விளம்பரத்தில் நிறத்தைக் குறிப்பிடமாட்டோம் என்று கையெழுத்திட, வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். முதல் கையெழுத்து என்னுடையது. இரண்டாவது வரியைத் தலைவருக்காக விட்டுவைத்திருக்கிறேன்.