காலிக் கட்டிலும் லாரிச் சாலையும்

வணக்கம். இன்று மூன்று திகில் எழுத்தாளர்களைப் பற்றிப் பேசப்போகிறேன். கதைகளையும் சொல்லிவிடுவேன் என்பதால், படிக்காதவர்கள் இப்போதே காணொளியை நிறுத்திக்கொள்ளலாம்.

பேய்க்கதை எழுதுவது எளிது என்பவர்களிடம் நான் முதலில் கொடுப்பது எம்.ஆர்.ஜேம்ஸின் 1904ஆம் ஆண்டுத் தொகுப்பைத்தான். கேம்பிரிட்ஜில் இடைக்காலக் கையெழுத்துப் படிகளை ஆராய்ந்த அந்த அறிஞருக்கு, கிறிஸ்துமஸ் காலத்தில் நண்பர்களை அறைக்கு அழைத்து, மெழுகுவத்தி வெளிச்சத்தில் தம் கதைகளைப் படித்துக் காட்டும் வழக்கம் இருந்தது. அவற்றுள் ஒன்றில், பேய்களை அறவே நம்பாத ஒரு பேராசிரியர், கடற்கரை இடிபாடுகளில் கிடைத்த பழைய விசிலை எடுத்து ஊதிவிடுகிறார். அவர் தங்கியிருக்கும் விடுதி அறையில் இரண்டு கட்டில்கள், ஒன்று காலி. அந்தக் காலிக் கட்டிலின் விரிப்பு இரவில் எழுந்து உட்காருகிறது. அதற்கு முகமும் உண்டு, கசங்கிய துணியாலான முகம். கொடியில் காயும் வேட்டி காற்றில் உப்பினால் இன்றைக்கும் எனக்கு அந்த இடம்தான் நினைவுக்கு வருகிறது.

ஷெர்லி ஜாக்சன் இன்னும் சிக்கனமானவர். 1959இல் வெளிவந்த 'தி ஹான்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்' நாவலில், இருட்டில் தோழியின் கையை இறுகப் பற்றியிருக்கும் எலினோர், வெளிச்சம் வந்ததும் தோழி எட்டாத தொலைவில் வேறு கட்டிலில் இருப்பதைக் காண்கிறாள். அவள் பிடித்திருந்தது யாருடைய கை என்பதை ஜாக்சன் சொல்வதேயில்லை.

ஸ்டீபன் கிங்கிடம் இந்தச் சிக்கனம் கிடையாது. ஆயிரம் பக்கத்தைத் தாண்டி எழுதுவார். முடிவில் சொதப்பவும் செய்வார். ஆனால் வீட்டையும் பிள்ளைகளையும் அவரைப் போல் எழுதியவர் இத்துறையில் குறைவு. 1970களின் இறுதியில் அவர் மெய்ன் மாநிலத்தின் ஓரிங்டனில், லாரிகள் விரையும் சாலையோரத்தில் வாடகைக்குக் குடியிருந்தார். அடிபட்டுச் செத்த நாய், பூனைகளை அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் பின்புறக் காட்டில் புதைத்து, எழுத்துப் பிழையோடு ஒரு பலகையும் வைத்திருந்தார்கள். கிங்கின் மகள் வளர்த்த பூனையும் அங்கேதான் போய்ச் சேர்ந்தது. பிறகு ஒரு நாள் அவருடைய சின்ன மகன் அந்தச் சாலையை நோக்கி ஓட, கிங் பாய்ந்து பிடித்துவிட்டார். பிடித்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பிலிருந்து வளர்ந்ததுதான் 'பெட் செமட்டரி'. எல்லை மீறிவிட்டோம் என்று அஞ்சி, எழுதி முடித்த கைப்பிரதியை அவரே ஒதுக்கி வைத்தார். பழைய பதிப்பகத்தோடு இருந்த ஒப்பந்தத்தைத் தீர்க்க வேண்டியிருந்ததால்தான் அது 1983இல் வெளிவந்தது.

இறந்தவர்கள் திரும்பி வரும் பகுதியைவிட, தகப்பனும் மகனும் பட்டம் விடும் அத்தியாயமே என்னை உலுக்கியது. நல்ல காற்று, குழந்தையின் கையில் நூல், அவன் சிரிப்பு. அதற்கு நடுவே, அவனுக்கு இன்னும் இரண்டு மாதம்கூட ஆயுள் இல்லை என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுக் கதை நகர்கிறது. அதன்பின் எந்தப் பக்கத்தில் லாரி வரும் என்று நாம் தேட ஆரம்பித்துவிடுகிறோம்.

முதலில் படித்தபோது எனக்குத் திருமணம்கூட ஆகவில்லை. இப்போது என் மகனுக்கு இரண்டு வயது. இந்தக் காணொளிக்காக மறுபடி எடுத்தவன், பட்டம் விடும் அத்தியாயத்தோடு மூடி, அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டேன்.