விதைநெல்லை விற்ற புரூக்ளின்

வணக்கம் நண்பர்களே. 2024 ஜூனில் பாஸ்டன் செல்டிக்ஸ் அணி டல்லாஸை நான்குக்கு ஒன்று என்று தோற்கடித்து, அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் சாம்பியன் ஆனது, நினைவிருக்கிறதா? அந்த ஃபைனல்ஸில் சிறந்த ஆட்டக்காரர் விருது ஜேலன் பிரவுனுக்கு. அவருக்குப் பக்கத்தில் ஜேசன் டேட்டம். இந்த இருவரும் பாஸ்டனுக்குக் கிடைத்ததற்குக் காரணம் பாஸ்டனின் திறமை மட்டும் கிடையாது. பதினோரு வருடத்துக்கு முன்னால் இன்னொரு அணியின் நிர்வாகம் எடுத்த முடிவும் அதில் இருக்கிறது. அந்த அணி புரூக்ளின் நெட்ஸ். இன்றைக்கு முழுக்க அவர்களைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

புதிதாகப் பார்ப்பவர்களுக்காக ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என்பிஏவில் ஒவ்வொரு வருடமும் டிராஃப்ட் நடக்கும். கல்லூரியிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வரும் இளம் ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும். போன சீசனில் மோசமாக ஆடிய அணிகளுக்கு லாட்டரி குலுக்கலில் முதல் இடங்கள் கிடைக்க வாய்ப்பு அதிகம். ஒரு அணி விழுந்தால் மறுபடி எழுவதற்கு லீக் வைத்திருக்கும் வழி இதுதான். இந்தத் தேர்வு உரிமையைத்தான் பிக் என்கிறோம். அதை டிரேடில், அதாவது அணிகளுக்குள் நடக்கும் பரிமாற்றத்தில், மற்ற அணிக்குக் கொடுக்கலாம். வருங்கால வருடங்களின் பிக்கைக்கூட இன்றைக்கே கொடுத்துவிடலாம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

சரி, கதைக்கு வருவோம். 2009-10 சீசனில் நெட்ஸ் நியூ ஜெர்சியில் இருந்தது. முதல் 18 ஆட்டமும் தோல்வி. மொத்தத்தில் 12 வெற்றி, 70 தோல்வி. அந்த சீசன் முடிந்ததும் 2010 மே மாதம் ரஷ்யக் கோடீஸ்வரர் மிகைல் புரோகோரவ் அணியின் 80 சதவீதத்தை வாங்கினார். வந்த உடனே, ஐந்து வருடத்துக்குள் சாம்பியன்ஷிப் என்று அறிவித்தார். 2012இல் அணி புரூக்ளினுக்குக் குடிபெயரப் போகிறது, பார்க்லேஸ் சென்டர் என்ற புதிய அரங்கம் திறக்கப் போகிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மன்ஹாட்டனில் நிக்ஸ் அணி. டிக்கெட் விற்க வேண்டும், பெரிய பெயர்கள் வேண்டும், அதுவும் உடனே வேண்டும்.

என்னுடைய கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நெட்ஸைக் கெடுத்தது ஒரு டிரேடு இல்லை, இந்த அவசரம். அரங்கம் திறக்கும் தேதியையும் முதலாளி சொன்ன கெடுவையும் வைத்து அணி கட்டினார்கள். கையில் இருக்கும் ஆட்டக்காரர்களின் வயது என்ன, இவர்கள் சேர்ந்து வளர எத்தனை வருடம் ஆகும் என்பதை வைத்துக் கட்டவில்லை.

அப்போது ஜெனரல் மேனேஜர் பில்லி கிங். 2011 பிப்ரவரியில் கார்மெலோ ஆந்தனி கிடைப்பார் என்று காத்திருந்தார்கள், அவர் நிக்ஸுக்குப் போனார். உடனே யூட்டா ஜாஸிடமிருந்து டெரான் வில்லியம்ஸை வாங்கினார்கள். அதற்கு டெரிக் ஃபேவர்ஸ், டெவின் ஹாரிஸ், இரண்டு முதல் சுற்று பிக். டெரான் அப்போது நல்ல பாயின்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவர், நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவரைத் தக்கவைத்துக்கொள்வதே நிர்வாகத்தின் முழுநேர வேலையாகிவிட்டது. அவர் போய்விடக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு டிரேடும் நடந்தது.

2012 மார்ச்சில் போர்ட்லண்டிடமிருந்து ஜெரால்ட் வாலஸை வாங்கினார்கள். கொடுத்தது அந்த வருடத்து முதல் சுற்று பிக். முதல் மூன்று இடத்துக்குள் விழுந்தால் மட்டும் எங்களுக்கு என்று ஒரு பாதுகாப்பு வைத்திருந்தார்கள். அது ஆறாவது இடத்தில் விழுந்தது. போர்ட்லண்ட் அந்த பிக்கில் யாரை எடுத்தது தெரியுமா? டேமியன் லில்லார்டை. டெரானுக்குத் துணையாக ஒருவரைத் தேடப் போய், அடுத்த பத்து வருடத்துக்கான பாயின்ட் கார்டைக் கைநழுவ விட்டார்கள். அதே கோடையில் டெரானுக்கு ஐந்து வருட ஒப்பந்தம், ஏறக்குறைய 9.8 கோடி டாலர். அட்லான்டாவிடமிருந்து ஜோ ஜான்சன், லீக்கிலேயே மிகக் கனமான ஒப்பந்தங்களில் ஒன்றோடு. அந்த டிரேடிலேயே 2015 பிக்கை அட்லான்டா விரும்பினால் தன்னுடைய பிக்கோடு மாற்றிக்கொள்ளலாம் என்ற உரிமையும் போனது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் 2013. டிராஃப்ட் நடந்த இரவு பாஸ்டனோடு பேசி முடித்த டிரேடு. நெட்ஸுக்கு வந்தவர்கள் கெவின் கார்னெட், பால் பியர்ஸ், ஜேசன் டெரி. கார்னெட்டுக்கு 37 வயது, பியர்ஸுக்கு 35. கொடுத்தது என்ன? சம்பளக் கணக்குச் சரிக்கட்ட சில ஆட்டக்காரர்கள், லில்லார்ட் ஆகியிருக்கக்கூடிய பிக்கைக் கொடுத்து வாங்கிய அந்த வாலஸ் உட்பட. அதோடு 2014, 2016, 2018 ஆகிய மூன்று வருடத்து முதல் சுற்று பிக். எந்தப் பாதுகாப்பும் கிடையாது. அதற்கும் மேல் 2017இல் பிக்கை மாற்றிக்கொள்ளும் உரிமை.

ஏன் ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் என்று யோசிக்கிறீர்களா? அதற்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் கிளீவ்லண்ட் கவாலியர்ஸின் முதலாளியாக இருந்தவர் டெட் ஸ்டெபியன். பிக்குகளை அள்ளி அள்ளிக் கொடுத்து அணியையே காலி செய்தார்.  அதற்குப் பிறகு லீக் ஒரு விதி போட்டது: அடுத்தடுத்த இரண்டு வருடங்களுக்கு வருங்கால முதல் சுற்று பிக் இல்லாத நிலைக்கு எந்த அணியும் போகக் கூடாது. ஸ்டெபியன் விதி என்றே அதற்குப் பெயர். ஆனால் மாற்றிக்கொள்ளும் உரிமையை அந்த விதி தடுக்கவில்லை. பாஸ்டன் நிர்வாகத்தின் தலைவர் டேனி எய்ஞ் அந்த இடைவெளியில்தான் 2017ஐயும் பிடித்தார். முட்டாள்தனத்திலிருந்து அணிகளைக் காப்பாற்றப் போட்ட விதி அது. அதைச் சுற்றிக்கொண்டு போய் ஒரு நிர்வாகம் தன் வருங்காலத்தைக் கொடுத்தது என்றால் என்ன சொல்வது!

இப்போது கணக்குப் பாருங்கள், திரையில் போட்டிருக்கிறேன். 2014 பாஸ்டனுக்கு. 2015 அட்லான்டா மாற்றிக்கொண்டது. 2016 பாஸ்டனுக்கு. 2017 பாஸ்டன் மாற்றிக்கொண்டது. 2018 பாஸ்டனுக்கு. ஐந்து வருடம் தொடர்ந்து தங்கள் சொந்த பிக்கை நெட்ஸ் பயன்படுத்தவே முடியவில்லை. விதைநெல்லைக் குத்திப் பொங்கல் வைத்துவிட்டு அடுத்த போகத்துக்கு வயலில் போய் நின்றால் என்ன முளைக்கும்?

அந்தப் பொங்கலாவது ருசித்ததா என்றால், கொஞ்சம் ருசித்தது. 2013-14இல் பயிற்சியாளர் ஜேசன் கிட். அந்தக் கோடையில்தான் ஆட்டக்காரராக ஓய்வு பெற்றிருந்தார், பயிற்சியாளர் அனுபவம் துளியும் இல்லை. ஆரம்பத்தில் 10 வெற்றி, 21 தோல்வி. டிசம்பரில் சென்டர் புரூக் லோபஸின் கால் எலும்பு உடைந்தது. கார்னெட்டின் சராசரி 6.5 புள்ளி. ஆனாலும் சமாளித்து 44 ஆட்டம் ஜெயித்தார்கள். சீசன் முடிந்ததும் நடக்கும் பிளேஆஃப் தொடர்களின் முதல் சுற்றில் டொரான்டோவோடு ஏழாவது ஆட்டம், 104-103, கடைசி நொடியில் கைல் லவ்ரியின் ஷாட்டை பியர்ஸ் தடுத்தார். அழகான தருணம், இப்போது பார்த்தாலும் எனக்குச் சிலிர்க்கும். அடுத்த சுற்றில் மயாமியிடம் ஒன்றுக்கு நான்கு என்று தோற்றார்கள். சம்பள வரம்பைத் தாண்டியதற்காக அந்த சீசனுக்கு நெட்ஸ் லீக்குக்குக் கட்டிய லக்சுரி வரி மட்டும் சுமார் 9 கோடி டாலர். அவ்வளவு கொடுத்து வாங்கியது ஒரே ஒரு பிளேஆஃப் தொடர் வெற்றி.

அந்தக் கோடையில் பியர்ஸ் வாஷிங்டனுக்குப் போனார். கிட், நிர்வாகத்திலும் தனக்கு அதிகாரம் வேண்டும் என்று கேட்டுக் கிடைக்காமல் மில்வாக்கிக்குப் போனார். 2015 பிப்ரவரியில் கார்னெட் மினசோட்டாவுக்கு. அதே வருடம் ஜூலையில் டெரானுக்குப் பணம் கொடுத்து ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டார்கள். யாருக்காக இத்தனையும் செய்தார்களோ அவரே போய்விட்டார்.

பிறகு வந்த வருடங்கள்தான் வேதனை. 2015-16இல் 21 வெற்றி, 61 தோல்வி. 2016-17இல் 20 வெற்றி, 62 தோல்வி, லீக்கிலேயே கடைசி. சாதாரணமாக ஒரு அணி இப்படித் தோற்றால் ரசிகனுக்கு ஒரு ஆறுதல் இருக்கும்: சரி, அடுத்த வருடம் ஒரு நல்ல பையன் வருவான் என்று. நெட்ஸ் ரசிகனுக்கு அதுவும் இல்லை. நெட்ஸ் தோற்கத் தோற்க பாஸ்டன் ரசிகர்கள் கைதட்டினார்கள். 2016இல் மூன்றாவது பிக் பாஸ்டனுக்குப் போனது, ஜேலன் பிரவுன். 2017இல் நெட்ஸின் இடம் முதலிடமாக விழுந்தது. பாஸ்டன் அதை ஃபிலடெல்ஃபியாவிடம் கொடுத்து மூன்றாம் இடத்தையும் கூடுதலாக ஒரு பிக்கையும் வாங்கி, டேட்டத்தை எடுத்தது. அந்த ஆட்டக்காரர்கள் இரவு இரவாக மைதானத்தில் இறங்கி உடம்பை வருத்தி ஆடினார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை. தோற்பதில்கூட லாபம் இல்லாத ஒரு நிலைக்கு அவர்களைத் தள்ளிய முடிவின் மேல்தான் கோபம். அதை எடுத்தவர்கள் விளைவு வரும்போது அந்த நாற்காலியில் இல்லை. பில்லி கிங் 2016 ஜனவரியிலேயே பதவியிலிருந்து நீக்கப்பட்டார்.

அடுத்து வந்தவர் ஷான் மார்க்ஸ். நெட்ஸின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பிக் இல்லை, நட்சத்திரம் இல்லை. கென்னி அட்கின்சனைப் பயிற்சியாளராகக் கொண்டுவந்தார். மற்றவர்கள் வேண்டாம் என்று விட்டவர்களைப் பொறுக்கினார்: ஸ்பென்சர் டின்விடி, ஜோ ஹாரிஸ். டிரேடில் தேடிப் பிடித்த இருபதாவது பிக்கில் கேரிஸ் லெவர்ட், இருபத்திரண்டாவது பிக்கில் ஜாரெட் ஆலன். லேக்கர்ஸ் கைவிட்ட டி'ஆஞ்சலோ ரஸல். மூன்றே வருடத்தில், 2018-19இல், 42 வெற்றியோடு பிளேஆஃப். ரஸல் ஆல்-ஸ்டார். ஹாரிஸ் மூன்று புள்ளிப் போட்டியில் முதலிடம். ஒரு நல்ல நிர்வாகம் ஒன்றுமில்லாததிலிருந்து என்ன செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அதைப் பார்த்துத்தான் 2019 கோடையில் கெவின் டுரான்டும் கைரி இர்விங்கும் வந்தார்கள். டுரான்ட் வருகிறேன் என்றால் எந்த அணியும் கதவைத் திறக்கும், அதில் தவறு சொல்ல மாட்டேன். ஆனால் 2020 மார்ச்சில் அட்கின்சன் வெளியேறினார். அந்த அணியைச் சொல்லிக்கொடுத்து வளர்த்த மனிதர். பின்னாளில் கிளீவ்லண்டில் 2024-25இன் சிறந்த பயிற்சியாளர் விருது வாங்கினார்.

2021 ஜனவரியில் ஜேம்ஸ் ஹார்டன் டிரேடு. லெவர்ட் போனார், ஆலன் போனார். ஹூஸ்டனுக்கு 2022, 2024, 2026 முதல் சுற்று பிக். 2021, 2023, 2025, 2027 மாற்றிக்கொள்ளும் உரிமை. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? அதே ஒரு வருடம் விட்டு ஒரு வருடம், அதே இடைவெளி. முதல் தடவை செய்தவர்களுக்கு ஆசை கண்ணை மறைத்தது என்று சொல்லலாம். இந்தத் தடவை செய்தவர்கள், அந்தப் பள்ளத்திலிருந்து மூன்று வருடம் மண் சுமந்து ஏறியவர்கள். அதனால்தான் 2013ஐ விட 2021 எனக்குப் பெரிய தவறாகப் படுகிறது.

அந்த மூன்று நட்சத்திரங்களும் ரெகுலர் சீசனில் சேர்ந்து ஆடியது மொத்தம் 16 ஆட்டம். 2021 பிளேஆஃபில் மில்வாக்கியோடு ஏழாவது ஆட்டம், கடைசி நொடிகளில் டுரான்ட் போட்ட ஷாட்டில் அவருடைய கால் நுனி மூன்று புள்ளிக் கோட்டின் மேல் இருந்தது. மூன்று புள்ளி இரண்டாகி, ஓவர்டைமில் தோல்வி. அதிர்ஷ்டம் இல்லை என்று சிலர் சொல்வார்கள். ஆனால் எல்லாவற்றையும் ஒரே பந்தயத்தில் வைத்தது நிர்வாகம்தானே? பிறகு இர்விங் தடுப்பூசி போட மறுத்தார், நியூயார்க் நகர விதியால் சொந்த அரங்கத்தில் ஆட முடியவில்லை. 2022 பிப்ரவரியில் ஹார்டன் ஃபிலடெல்ஃபியாவுக்கு. 2023 பிப்ரவரியில் சில நாட்கள் இடைவெளியில் இர்விங் டல்லாஸுக்கு, டுரான்ட் ஃபீனிக்ஸுக்கு. மூவரும் போயாயிற்று.

2024இல் நெட்ஸின் பிக் மூன்றாம் இடத்தில் விழுந்தது. ஹூஸ்டன் ரீட் ஷெப்பர்டை எடுத்தது. அதே கோடையில் ஃபீனிக்ஸிடமிருந்து வாங்கிய பிக்குகளைக் கொடுத்து, 2025க்கும் 2026க்குமான தங்கள் சொந்த உரிமையை ஹூஸ்டனிடமிருந்து மீட்டார்கள். இது புத்திசாலித்தனமான வேலை, பாராட்டுகிறேன். 2025 டிராஃப்டில் முதல் சுற்றில் மட்டும் ஐந்து பேரை எடுத்தார்கள். இதுவரை எந்த அணியும் அப்படி எடுத்ததில்லை. அந்தப் பையன்கள் வளர இந்த நிர்வாகம் எத்தனை வருடம் பொறுக்கும் என்பதைத்தான் நான் கவனித்துக்கொண்டிருக்கிறேன்.

2027 பிக்கை மட்டும் மீட்க முடியவில்லை. ஹார்டனுக்காகக் கொடுத்த அந்தக் கடைசி உரிமை இன்னும் ஹூஸ்டன் கையில்தான் இருக்கிறது.